உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு எந்த மீன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் என் வீட்டில் ஏழு தொட்டிகள் இருக்கின்றன. மீன் விற்பதில்லை, வளர்ப்பதோடு சரி. ஆனாலும் கோவிலில் அர்ச்சனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது தோளைத் தொட்டு, "அண்ணே, போன வாரம் வாங்கின மீனு..." என்று ஆரம்பிப்பார். முடிவு உங்களுக்கே தெரியும். தீனியைக் குறை சொல்வார்கள், கடைக்காரரைக் குறை சொல்வார்கள், கண்திருஷ்டி என்றுகூட ஒரு அக்கா சொன்னார். வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

கடினத் தண்ணின்னா என்ன அண்ணே? உப்புத் தண்ணியத்தான் அப்படிச் சொல்றீங்களா?

பாதி சரி. சோப்பு நுரைக்காத தண்ணீர், பருப்பு வேகாத தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் நாம் "உப்புத் தண்ணி" என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுகிறோம். மீன் விஷயத்தில் குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. கடினத்தன்மை என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். கரிப்பது சோடியம், அதாவது சமையல் உப்பு. ஒரு கிணற்றில் இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம்.

மழைத்தண்ணீரில் ஏறக்குறைய எதுவுமே இருக்காது. அது மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. போகிற வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதைக் கரைத்துக்கொண்டு போகும். ஷான் மலைப்பக்கம் மேமியோவிலோ தௌங்ஜியிலோ உறவுக்காரர் இருந்தால் அவர்கள் வீட்டுக் கெண்டியின் உட்புறத்தைப் பாருங்கள். சுரண்டினால் வெள்ளைச் செதிலாக உதிர்கிறதே, அது ஷான் மலையின் ஒரு துண்டு.

மீனுக்கு இதுல என்ன வந்துச்சு? தண்ணி தண்ணிதானே?

நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, வெளியே இருக்கும் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் செவுள் வழியாக உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மீன் ஓயாமல் நீர்த்த சிறுநீரை வெளியேற்றியும், செவுளால் உப்பை இழுத்துப் பிடித்தும் சமாளிக்கிறது. தண்ணீரில் உள்ள கால்சியம் செவுளின் தோலை இறுக்கமாக வைத்திருக்கும். கால்சியம் நிறைந்த நீரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மீனை மென்னீரில், அதாவது கடினம் குறைந்த தண்ணீரில் விட்டால் கசிவு கூடிவிடும். அமேசானின் ரியோ நீக்ரோ போன்ற கடினமே இல்லாத ஆற்றில் பிறந்த இனங்களுக்கு, கிடைக்கிற துளி உப்பையும் விடாமல் பிடிக்கும் உடம்பு.

வளர்ந்த மீன் எப்படியோ ஒப்பேற்றிக்கொள்ளும். முட்டையால் முடியாது. மென்னீர் இனங்களின் முட்டையைக் கடினத் தண்ணீரில் வைத்தால் ஓடு இறுகிப்போகும், பெரும்பாலும் பொரியாது.

ஜிஹெச், கேஹெச், பிஹெச்னு மூணு சொல்றாங்க. மூணும் ஒண்ணுதானா?

மூன்றும் வேறு. ஜிஹெச் என்பது முதல் பதிலில் சொன்ன கால்சியம், மக்னீசியத்தின் மொத்தம். கேஹெச் என்பது தண்ணீரில் உள்ள பைகார்பனேட். புளிப்பு சேரச் சேர அதை விழுங்கி, பிஹெச் சட்டென்று சரியாமல் தாங்குவது இதுதான். பிஹெச், அந்த நேரத்தில் தண்ணீர் புளிப்பா, காரமா என்று காட்டும் எண்; 7 நடு, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் தண்ணீரில் மூன்றும் கூடவே ஏறும், அதனால் ஒன்று என்று தோன்றுகிறது.

ஜிஹெச்சையும் கேஹெச்சையும் டிகிரியில் சொல்வார்கள், இது சூட்டு டிகிரி இல்லை. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஜிஹெச் 4 டிகிரிக்குக் கீழே மிக மென்மை, 4 முதல் 8 வரை மென்மை, 8 முதல் 12 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம், 18ஐத் தாண்டினால் ரொம்பக் கடினம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

வீட்டிலேயே பார்க்க வழி இருக்கா, கிட்டு வாங்கித்தான் ஆகணுமா?

தோராயமாகப் பார்க்கலாம். மூடியுள்ள இரண்டு ஒரே மாதிரி பாட்டில் எடுங்கள். ஒன்றில் உங்கள் தண்ணீர், மற்றதில் மழைத்தண்ணீர், பாதி அளவுக்கு. இரண்டிலும் ஒரே அளவு சீவிய சோப்பைப் போட்டு (சலவைத் தூள் வேண்டாம், அது கடினத் தண்ணீரிலும் நுரைக்கும்) முப்பது எண்ணும் வரை குலுக்குங்கள். மழைத்தண்ணீரில் நுரை கழுத்து வரை எழுந்து நிற்கும். கடினத் தண்ணீரில் நுரை வராது, பால் மாதிரி கலங்கி மேலே திரி திரியாக ஏடு மிதக்கும். சமையலறையில் கேட்டாலும் தெரிந்துவிடும். ஊறவைத்த கடலைப்பருப்பு வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற வீட்டில் கப்பி நன்றாக வளரும்.

எண் வேண்டுமென்றால் சொட்டு மருந்துக் கிட்டு வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கி, நிறம் மாறும் வரை எண்ண வேண்டும். பல கிட்டுகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. காகிதப் பட்டை சீக்கிரம் ஈரம் குடித்துவிடும், நம் ஊர் மழைக்காலத்தில் அதை நான் நம்புவதில்லை.

டிடிஎஸ் மீட்டர் வச்சிருக்கேன், 300 காட்டுது. அப்போ கடினம்னுதானே அர்த்தம்?

அவசியமில்லை. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்திருப்பதன் மொத்தத்தை ஊகிக்கிறது. கால்சியமா, சோடியமா என்று அதற்குத் தெரியாது. ஆற்றோரத்து ஆழ்குழாயில் உப்பு ஏறியிருந்தால் 300 காட்டும், ஜிஹெச் 4கூட இருக்காது. அந்த எண்ணைப் பார்த்து, கடினத் தண்ணீர் மீன் என்று பேர் வாங்கிய ஆப்பிரிக்க மலாவி ஏரி மீனை வாங்கி வந்தவரை எனக்குத் தெரியும். மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க அதைவிட வசதியான கருவி இல்லை.

ரங்கூன் தண்ணி எப்படி? மென்மையா, கடினமா?

எந்தத் தண்ணீர் என்று முதலில் சொல்லுங்கள். மாநகராட்சிக் குழாய் என்றால் அது நீர்த்தேக்கத் தண்ணீர். லோகா ஏரி 1904இலும், ஜோபியூ 1940இலும் நகரத்துக்குத் தண்ணீர் தரத் தொடங்கின, பூஜியும் ஙமோயெய்க்கும் பிறகு சேர்ந்தன. மழையில் நிரம்பும் ஏரிகள் என்பதால் இந்தத் தண்ணீர் பொதுவாக மென்மைப் பக்கம்தான். என் வீட்டுக் குழாயில் 3 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவே ஆடும். மழைக்காலத்தில் இறங்கும், ஏப்ரலில் ஏறும்.

ஆனால் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் மொட்டைமாடித் தொட்டிக்கு ஆழ்குழாய்த் தண்ணீர்தான் ஏறுகிறது. சில இடங்களில் இரண்டையும் கலக்கிறார்கள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆழ்குழாய் தெருவுக்குத் தெரு மாறும். சிலதில் இரும்பு அதிகம். வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் செம்பழுப்பாகப் படியும், அதை வடித்துவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். டலா பக்கம் இருப்பவர்கள் கோடையில் குளத்துத் தண்ணீரைச் சுமக்கிறார்கள், அங்கே கணக்கே வேறு. ஆகவே "ரங்கூன் தண்ணி" என்று ஒன்று கிடையாது. உங்கள் வாளியில் இருப்பதை அளந்து பாருங்கள், ஒரே வாரத்தில் மூன்று முறை.

சரி, அப்போ எந்தத் தண்ணிக்கு எந்த மீனு? ஒரு பட்டியல் குடுங்களேன்.

பட்டியலாகக் கொடுத்தால் அதை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், அதனால் பேச்சாகவே சொல்கிறேன். 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் கார்டினல் டெட்ரா, ராம் சிக்லிட், டிஸ்கஸ் பக்கம் போகலாம். டிஸ்கஸுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். 4 முதல் 8 வரை இருந்தால் கொடுத்து வைத்தவர் நீங்கள். நியான், ஹார்லிக்வின் ரஸ்போரா, ஏஞ்சல், கொரிடோரஸ், கௌராமி, ஃபைட்டர் எல்லாம் இங்கே சுகமாக இருக்கும். 8 முதல் 15 வரை பிளாட்டி, சுவார்ட்டெயில், ஜீப்ரா டேனியோ, தங்கமீன். ஃபிளவர்ஹார்னும் இந்தப் பக்கம்தான். அது மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து உருவாக்கிய மீன், மென்மையான புளிப்புத் தண்ணீரில் அதன் நெற்றிப் புடைப்பைப் பார்த்து ரசிக்கக் கொடுத்து வைக்காது. 12க்கு மேல் கப்பி, மோலி. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி மீன்களுக்கும் இதுதான் வீடு.

மலாவி மீன்களில் மட்டும் ஒரு சூட்சுமம். அவற்றுக்கு ரொம்பக் கடினமான தண்ணீர் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த ஏரியின் ஜிஹெச் 4 முதல் 6தான். கேஹெச் அதைவிடச் சற்றுக் கூட, பிஹெச் 7.7க்கு மேல். அவை கேட்பது கால்சியத்தைவிட அந்தக் காரத்தன்மையை. ஜிஹெச், கேஹெச் வேறு வேறு என்று மேலே சொன்னது இங்கேதான் உதவும்.

கடைக்காரர் "எல்லாத் தண்ணியிலயும் வாழும்"னு சொல்றாரே தம்பி?

முழுப் பொய் இல்லை. கடைக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்த மீன். பண்ணைத் தண்ணீருக்குப் பழகியிருக்கும், காட்டில் பிடித்த மீனைவிடத் தாங்கும். நியானை 10 டிகிரியில் வைத்தாலும் வாழும். ஆனால் தாங்குவதற்கும் தழைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. மோலியை 3 டிகிரித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். செத்துவிடாது. நின்ற இடத்திலேயே உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருக்கும், குளிர்காய்ச்சல் வந்த மாதிரி. துடுப்பு மடங்கியே இருக்கும். அதைப் பார்த்து மருந்து வாங்க ஓடுவார்கள்.

கடையில் மீனைக் காட்டி "இது எத்தனை டிகிரியில் இருக்கிறது?" என்று கேளுங்கள். தெரியாது என்றால், பையில் வரும் தண்ணீரை வீட்டில் அளந்துவிடுங்கள்.

கப்பியும் நியானும் ஒரே தொட்டியில வைக்கலாமா?

7, 8 டிகிரியில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும். உங்கள் தண்ணீர் இயல்பாகவே அங்கே இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் ஒன்றை விட்டுக்கொடுங்கள்.

நம்ம நாட்டு மீனுக்குமா நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்காது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஒத்துக்கொள்ளாது என்பதற்கு இன்லே ஏரியே சாட்சி. ஷான் மேட்டுநிலத்தில் ஏறக்குறைய 880 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் சுண்ணாம்பு மலை. ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி, காரப் பக்கம். அங்கே மட்டுமே இருந்த மீன்கள் பல. 1918இல் ஆனண்டேல் என்ற ஆய்வாளர் அவற்றை விவரித்து எழுதினார். உடம்பில் செதிலே இல்லாமல், ஆணுக்கு மூக்கு நுனியும் வால் நுனியும் குங்குமம் வைத்தது போலச் சிவந்திருக்கும் ஒரு சின்ன மீனுக்கு ஷான் சிற்றரசர்களின் பட்டமான "சோப்வா" என்றே பெயர் வைத்தார்கள். நீலக் கோடுகள் போட்ட எரித்ரோமைக்ரான் டேனியோவும் இன்லே மீன்தான். இவற்றை வாங்கி வந்து, "பர்மா மீன்தானே" என்று ரங்கூன் குழாய்த் தண்ணீரில் விட்டால், வாரக்கணக்கில் மூலையில் ஒடுங்கும். நிறம் வெளிறிப்போகும்.

கேலக்ஸி ரஸ்போரா என்று விற்கிறார்களே, கருநீல உடம்பில் முத்துப் புள்ளி, அதுவும் ஷான் மாநிலத்தின் மகள். ஹொபோங் பக்கம் 1,000 மீட்டருக்கு மேலே ஊற்றுக் குட்டைகளில் 2006இல் கண்டுபிடித்தார்கள், 2007இல் முறைப்படி பெயர் கொடுத்தார்கள். பண்ணைக் குஞ்சுகள் இப்போது கொஞ்சம் மென்மையையும் தாங்குகின்றன. நான் 9, 10 டிகிரியில் வைக்கிறேன். வடக்கே மியிட்சினாப் பக்கத்து சோப்ரே டேனியோவுக்கு இந்தக் கடினம் தேவையில்லை, குழாய்த் தண்ணீரே போதும். "எந்த நாட்டு மீன்" என்று கேட்பதைவிட "எந்தப் பாறை மேல் ஓடிய தண்ணீர்" என்று கேட்பதில் பலன் அதிகம்.

தொட்டிக்கு அழகா வெள்ளைக் கல் போட்டிருக்கேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, நான் காசு கொடுத்துக் கற்றது. மண்டலேயில் புத்தர் சிலை செதுக்கும் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சாஜின் மலையிலிருந்து வரும் பளிங்கைச் செதுக்கச் செதுக்கச் சில்லு கொட்டிக் கிடக்கும். ஒரு சாக்குப்பை நிறையக் கொண்டுவந்து, கழுவி, புதுத் தொட்டியின் அடியில் பரப்பினேன். பால் நிலா இறங்கின மாதிரி இருந்தது. பன்னிரண்டு நியான் விட்டேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாரத்துக்கு ஒன்றாகப் போயின. மருந்து போட்டேன், சூட்டைக் கூட்டினேன். கடைசியில் அளந்தபோது 4 டிகிரித் தண்ணீர் 11ஆக ஏறியிருந்தது. பளிங்கு என்பது சுண்ணாம்புக் கல்தான், சூடும் அழுத்தமும் பட்டு உருமாறியது. மென்மையான, லேசான புளிப்புத் தண்ணீர் அதை மெல்ல மெல்லக் கரைக்கும்.

எந்தக் கல்லையும் தொட்டியில் போடும் முன் காயவைத்து, அதன் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். காதருகே வைத்தால் "ஸ்ஸ்" என்று கேட்கும், ஓரத்தில் பொடிக்குமிழி வரும். வந்தால் அது நியானுக்கு ஆகாது, கப்பிக்கு ஆகும். சௌந்தா, இங்வேசாங் கடற்கரையில் பொறுக்கி வந்த சிப்பியும் பவளத் துண்டும் அப்படியே. என் பளிங்குச் சில்லு இப்போது கேலக்ஸித் தொட்டியில் இருக்கிறது.

அப்போ கடினம் ஏத்தணும்னா வெத்தலைச் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்திடலாமே?

ஐயோ, வேண்டவே வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றிய சுண்ணாம்பு, சுண்ணாம்புக் கல் இல்லை. அதன் தெளிந்த நீரின் பிஹெச் 12ஐத் தாண்டும். ஒரு விரல் நுனி அளவு தொட்டியில் விழுந்தாலே பிஹெச் துள்ளும், செவுள் வெந்துபோகும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புளிப்புத் தண்ணீரில் சாதுவாக இருக்கும் மீன்கழிவு அம்மோனியம், பிஹெச் ஏறியதும் விஷ அம்மோனியாவாக மாறிவிடும். சுண்ணாம்பு கொல்லாததை அது கொன்றுவிடும்.

பின்ன எதைப் போட்டு ஏத்தறது?

அவசரமில்லை என்றால் வடிகட்டிக்குள் ஒரு கைப்பிடி நொறுக்கிய சிப்பி அல்லது பவளம். தண்ணீர் புளித்தால் கரையும், சமநிலை வந்ததும் தானே நின்றுவிடும். கேஹெச் மட்டும் வேண்டுமென்றால் சமையல் சோடா. 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 6 கிராம் போட்டால் கேஹெச் சுமார் 4 டிகிரி ஏறும். ஜிஹெச் அசையாது. ஜிஹெச் வேண்டுமென்றால் மருந்துக்கடை எப்சம் உப்பு, 50 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் 2 டிகிரிக்குச் சற்று மேல். அது மக்னீசியம் மட்டுமே தரும், அதனால் அதையே நம்பியிருக்க வேண்டாம், சிப்பியும் கூட இருக்கட்டும்.

எதுவானாலும் வாளியில் கரைத்து, தண்ணீர் மாற்றும்போது சேருங்கள். ஒரு நாளில் 2 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். சமையல் உப்பு கடினத்தை ஏற்றாது, காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

எங்களுக்கு எதிர்ப் பிரச்சினை. மேமியோ தண்ணி, 18 டிகிரி. எப்படி இறக்கறது?

முதலில் என் கருத்து: இறக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் கப்பியும் மோலியும் சோப்வாவும் ராஜா மாதிரி வாழும். நாங்கள் இங்கே கிராம் கணக்குப் போட்டு உண்டாக்குவது உங்களுக்குக் குழாயைத் திறந்தால் வருகிறது. அப்படியும் நியான்தான் வேண்டும் என்றால் மழைத்தண்ணீரைக் கலப்பதே நேரான வழி. ஒரு பங்கு குழாய், இரண்டு பங்கு மழை என்றால் 6 டிகிரி. மழை தொடங்கி முதல் பதினைந்து நிமிடம் கூரையைக் கழுவிப் போகட்டும், அப்புறம் பிடியுங்கள். துருப்பிடித்த தகரக் கூரையென்றால் விரித்த பிளாஸ்டிக்கில் பிடிப்பது நல்லது.

கொதிக்கவைத்தால் கேஹெச்சோடு ஒட்டிய கடினம் மட்டும் வெள்ளையாகப் படிந்துவிடும், மீதி அப்படியே இருக்கும். மின்சாரம் வந்து போகிற ஊரில் அறுபது லிட்டரைக் கொதிக்கவைப்பது யாரால் முடியும்? நாட்டுவாதுமை இலை போடுகிறார்கள். இலை நல்லதுதான், தண்ணீர் தேநீர் நிறமாகும், ஃபைட்டருக்குப் பிடிக்கும். ஆனால் கேஹெச் 10 இருக்கும் தண்ணீரில் நிறம்தான் மாறும், பிஹெச் அசையாது.

இருபது லிட்டர் குடிதண்ணி கேன் மலிவாத்தானே கிடைக்குது. அதையே முழுசா ஊத்தினா?

கலக்கப் பயன்படுத்தலாம், முழுசாக வேண்டாம். சுத்திகரித்த தண்ணீரில் கேஹெச் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். மீன்கழிவை நல்ல பாக்டீரியாக்கள் மாற்றும்போது புளிப்பு உண்டாகும், அதை விழுங்க கேஹெச் வேண்டும். அது தீர்ந்துபோனால் பிஹெச் ஒரே ராத்திரியில் 6க்குக் கீழே சரியும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். காலையில் தண்ணீர் பளிச்சென்று தெளிவாக இருக்கும், மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கேஹெச் 2 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டால் இந்தப் பயமில்லை.

நான் தண்ணியே மாத்தறதில்லை, குறையக் குறைய மேல ஊத்திடுவேன். குழாய்த் தண்ணி 6, தொட்டி எப்படி 14 ஆச்சு?

திஞ்ஜான், அதாவது பர்மியப் புத்தாண்டு சமயத்து வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, கால்சியம் ஆவியாகாது. 60 லிட்டர் தொட்டியில் வாரம் 10 லிட்டர் குறைகிறது, 6 டிகிரித் தண்ணீரால் நிரப்புகிறீர்கள். வாரத்துக்கு ஒரு டிகிரி ஏறுகிறது. இரண்டு மாதத்தில் 14. குழம்பு சுண்டச் சுண்டக் கரிப்பதில்லையா, அதே கதை.

ஆவியானதை ஈடுகட்ட மழைத்தண்ணீர் அல்லது மேலே சொன்ன கேன் தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் விடுங்கள். 14இலிருந்து ஒரே நாளில் 6க்கு இறக்கிவிடாதீர்கள், மூன்று நாலு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆழ்குழாய்த் தண்ணி பிடிச்சதும் பிஹெச் 6.6, மறுநாள் காலையில 7.8. கிட்டு கெட்டுப்போச்சா?

கிட்டு சரியாகத்தான் இருக்கிறது. நிலத்தடித் தண்ணீரில் கரியமில வாயு அடைந்து கிடக்கும், அது புளிப்பு. வாளியில் வைத்ததும் வெளியேறிவிடும், பிஹெச் ஏறும். ஜிஹெச், கேஹெச் மாறியிருக்காது. ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வைத்து, முடிந்தால் காற்றுக்கல் போட்டு, மறுநாள் அளந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு படியவும் அந்த ராத்திரி உதவும்.

தௌங்ஜியில இருந்து பஸ்ஸில மீனு கொண்டு வந்தேன். பையை அரை மணி மிதக்கவிட்டுத்தான் விட்டேன். அப்பவும் போச்சே?

பையை மிதக்கவிட்டால் சூடு மட்டும்தான் சமமாகும். 15 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு ஒரே குதியாகக் குதித்திருக்கிறது உங்கள் மீன். இரண்டாவது பதிலில் சொன்ன கசிவு ஒரே நொடியில் பல மடங்கு கூடியிருக்கும். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் மீன் வரும் முன்பே ஒரு தனித் தொட்டியை அதன் பழைய தண்ணீருக்குச் சமமாகத் தயார் செய்துவிட வேண்டும். பிறகு ஒரு வாரம், பத்து நாளில் இறக்கலாம். வித்தியாசம் 3, 4 டிகிரிதான் என்றால் வாளியில் மீனை விட்டு, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டால் போதும். நீண்ட பயணம் என்றால் அதையும் நீட்டிக்காதீர்கள், பைத் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும்.

மாமா, எங்க ஏஞ்சல் ஜோடி மூணு வருசமா 16 டிகிரியில இருக்கு. மென்னீர் மீனுன்னு இப்பத்தான் தெரிஞ்சது. தண்ணிய மாத்தட்டுமா?

மாற்றாதே அம்மா. மூன்று வருடம் ஒரே மாதிரி இருந்த 16, வாரத்துக்கு ஒருமுறை ஆடுகிற 6ஐவிட அவற்றுக்கு நல்லது. நன்றாகத் தின்கிறது, துடுப்பு விரிந்திருக்கிறது என்றால் கை வைக்காதே.

முட்டை ஒவ்வொரு தடவையும் வெள்ளையாகிப் போகிறது என்று நீ சொன்னாயே, அதற்கு மட்டும் வழி பார்க்கலாம். ஒரு தனித் தொட்டி வை. முதலில் 16லேயே தொடங்கி, தினமும் கொஞ்சமாக மழைத்தண்ணீர் சேர்த்துக்கொண்டே வந்து, பத்து நாளில் ஒன்றுக்கு இரண்டு என்ற கலவைக்குக் கொண்டு வா. ஏறக்குறைய 5 டிகிரி வரும். கேஹெச் 2க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள். சாய்த்து வைத்த ஒரு பலகைக்கல்லில் போடும் முட்டை இரண்டாம் நாள் தேன் நிறத்தில் தெளிவாக இருந்து, உள்ளே ஒரு கரும்புள்ளி தெரிந்தால், ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.